பூக்காரன் வீட்டுக்கு வராத மல்லிகை

குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்துக்குள் ரமணனுக்கு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, ஓரத்து இருக்கையைப் பிடித்து, கண்ணாடித் தடுப்பில் தலையைச் சாய்த்தால் அவ்வளவுதான். நடுவில் எந்த நிலையம் வந்தது, எது போனது என்று அவனுக்குத் தெரியாது. புக்கிட் பாஞ்சாங்தான் கடைசி நிலையம் என்பதால் இறங்க மறந்துவிடுவோம் என்ற பயமும் இல்லை. துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்து தோளைத் தட்டி, "அங்கிள், லாஸ்ட் ஸ்டேஷன்" என்பார். அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். இவனுக்கு முப்பத்து நான்கு. வேறு சமயமாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பான். வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

சிங்கப்பூரின் தேக்காவில், பஃபலோ சாலையில் அவனுக்கு ஒரு பூக்கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, மேலே மாலை தொங்கவிட ஒரு கம்பி, பின்னால் இரண்டு பேர் முட்டிக்கொள்ளாமல் உட்கார இடம். அப்பா இருந்தவரை அவர் பார்த்தார், பிறகு இவன். பூ விமானத்தில் வரும். விடிவதற்கு முன்பே போய்ப் பெட்டிகளை இறக்கி, ஐஸ் தண்ணீரை வடித்து, அழுகலைப் பொறுக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தால், சுந்தரம் அண்ணன் வந்து நாரைக் கையில் எடுப்பார். அப்பா காலத்திலிருந்தே கடையில் பூக் கட்டுபவர் அவர். மாலையில் கடையை அவர் கையில் விட்டுவிட்டு ரமணன் கிளம்புவான். கிளம்பும்போது வாழையிலையில் சுற்றிய ஒரு முழம் மல்லிகை அவன் பையில் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் மனைவி கவிப்ரியா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவள். பகலெல்லாம் கணினி முன்னால் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அந்த ஒரு முழத்தை வைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு.

மகள் இனியா பிறந்த பிறகு கவிக்குத் தலைவாரக்கூட நேரமில்லை. பூ சாமி படத்துக்குப் போனது.

பிரசவம் நினைத்தபடி நடக்கவில்லை. இரவெல்லாம் வலியில் கிடந்து, கடைசியில் அறுவை சிகிச்சை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை, கவிதான் சொல்லிக்கொண்டாள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அவள் சொன்னது ரமணனுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. பாலாவது நானே குடுக்கணும். அதுல மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது."

"யாரு கைவைக்கப் போறா?" என்றான் ரமணன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கைவைக்கப் போவது தானேதான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

உதவிக்கு வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. ரமணனின் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கவியின் அம்மா மலேசியாவில், ஈப்போவில், பக்கவாதத்தில் படுத்த கணவரை விட்டு நகர முடியாமல், காணொளி அழைப்பில் மட்டும் பேத்தியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். மிச்சமிருந்தது ரமணனின் அப்பாவுடைய தங்கை, கமலம் அத்தை. சிராங்கூனில் இருந்து டாக்சி பிடித்து வருவார். வரும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு முறை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். கவி நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, தையல் வலிக்க, சோபா நுனியில் உட்கார்ந்து சிரிப்பாள். குழந்தை பாலுக்கு வாயைத் திறந்து திறந்து மூடும். பெரியவர்கள் முன்னால் எழுந்து போகலாமா என்று கவி யோசிப்பாள். அதற்குள் அது அழ ஆரம்பித்துவிடும். அத்தை உடனே, "பால் பத்தல போலிருக்கே, பாப்பா மெலிஞ்சு கிடக்கு" என்பார். அடுத்த முறை வந்தபோது ஒரு டின் பால்மாவும் வாங்கி வந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அப்படி.

பலதுறை மருந்தகத்தில் எடை பார்த்தபோது, குழந்தை பிறந்தபோது இருந்த எடைக்கு இன்னும் திரும்பவில்லை. ருக்கையா என்ற தாதி, நல்ல வேளையாகத் தமிழ் பேசுபவர், கவியிடம் பொறுமையாக நிறையச் சொன்னார். குழந்தையை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பது, வாய் எப்படித் திறந்திருக்க வேண்டும், எல்லாம். ரமணன் பக்கத்து நாற்காலியில் தூங்கிவிட்டான். பூப்பெட்டிக்காக விடியுமுன் எழுந்தவன், வேறு என்ன செய்வான். அவர் முடிக்கும்போது சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் அவன் காதில் விழுந்தது.

"அம்மாவுக்கு நல்லா ஓய்வு வேணும். அத நீங்கதான் சார் பாத்துக்கணும்."

அதை அவன் கட்டளையாக எடுத்துக்கொண்டான். ஒரு ஆணிடம் முழுதாகப் பத்து விஷயம் சொன்னால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் அமோகமாகச் செய்வான். ரமணன் அதில் ஒரு படி மேல்.

அன்றிலிருந்து ஓய்வு கொடுக்க ஆரம்பித்தான். மாலையில் வந்ததும், "நீ தூங்கு கவி, நான் பாத்துக்கறேன்" என்று அறைக் கதவைச் சாத்துவான். அத்தையின் பால்மாவைக் கலக்கிப் புட்டியில் கொடுப்பான். விடியுமுன் கடைக்குக் கிளம்பும்போதும் ஒரு புட்டி. முதல் நாள் கவி தயங்கினாள். "ஒரே ஒரு வேளைதானே, ஒண்ணும் ஆகாது லா" என்றான். அவளுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. சரி என்றாள். குழந்தை புட்டியை மடமடவென்று குடித்துவிட்டு அவன் நெஞ்சில் ஏப்பம் விட்டபோது, அவனுக்கு இருந்த களைப்பெல்லாம் போன மாதிரி இருந்தது. தன் கையாலும் குழந்தைக்கு ஏதோ கொடுக்க முடிகிறது என்ற சந்தோஷம். அது பொய்யான சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

நாலைந்து நாளில் கவிக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு இரண்டும் கல்லாகக் கனத்து, தொட்டால் உயிர் போகிற வலி. உடம்பும் லேசாகச் சுட்டது. கிளினிக்குக்குப் போகலாம் என்று கூப்பிட்டான். "இந்த வெயில்ல என்னால அசைய முடியாது, நாளைக்குப் பாப்போம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் அழுவது முதுகைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவனுக்கு அம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது, சித்தி ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு இவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அம்மா கடைக்குப் போன் போட்டு அப்பாவிடம், "வரும்போது நல்ல மல்லியா ஒரு பொட்டலம் உதிரியா கொண்டாங்க. இவளுக்குப் பால் கட்டியிருக்கு, வச்சுக் கட்டணும்" என்று சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. பால் கட்டினால் மல்லிகை. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பூக்கடைக்காரனுக்கு இதைவிட வசதியான வைத்தியம் கிடைக்குமா?

மறுநாள் வந்த பெட்டியில் இருந்ததிலேயே நல்ல மொட்டாகப் பொறுக்கினான். வீட்டுக்கு வந்து, மெல்லிய வேட்டித் துணியைக் கிழித்து, கவியிடம் கொடுத்து வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னான். குளிர்ந்த பூ பட்டதும் அவள், "ஹப்பா" என்று கண்ணை மூடினாள். இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்தார்கள். வீக்கம் வடிந்தது. வலி போனது. சுரமும் இல்லை. ரமணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "டாக்டருக்கே போகல அண்ணே, நம்ம கடைப் பூவுலயே சரியாயிடுச்சு" என்று சுந்தரம் அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னான். அவரும் நாரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லது தம்பி" என்றார். மூன்றாவது நாளும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் குழந்தை மார்பில் வாயை வைத்துவிட்டு, விட்டுவிட்டு, தலையை ஆட்டி அழ ஆரம்பித்தது. இழுத்துப் பார்க்கும், வராது, முகம் சிவக்கக் கத்தும். கவி இந்தப் பக்கம் மாற்றுவாள், அந்தப் பக்கம் மாற்றுவாள். பால் எடுக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். புட்டியின் அடியில் ஒரு தேக்கரண்டிகூடச் சேரவில்லை. ரமணன் தேக்கா ஈரச்சந்தையில் பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்தான். பூண்டைப் பாலில் வேகவைத்தான். முருங்கைக்கீரையை ஆய்ந்து ஆய்ந்து நகமெல்லாம் பச்சை. கவி எல்லாவற்றையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள். அவள் திட்டினாலாவது தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் ஒரு நாள் சொன்னது இவ்வளவுதான்:

"அத்தை சொன்னது சரிதான். என் உடம்புல அந்தச் சக்தியே இல்ல. பெத்துக்கவும் தெரியல, வளக்கவும் தெரியல."

"அப்படியெல்லாம் சொல்லாத கவி."

"பின்ன எப்படிச் சொல்றது?"

திங்கட்கிழமை மறுபடி எடை பார்க்கப் போக வேண்டும். அன்றோடு விட்டுவிடலாம் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டது அவனுக்குப் புரிந்தது. பால் கொடுப்பதற்கான மார்புக் கச்சைகளை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை. கடையில் கூட்டம் தள்ளியது. கோயிலுக்குப் போகிறவர்கள், அலுவலகத்துக்குப் போகும் வழியில் பூ வாங்குகிறவர்கள் என்று காலை முழுக்க நிற்க நேரமில்லை. மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்தபோது ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மருத்துவமனைப் பை ஒன்று, முகத்தில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு.

"தம்பி, மல்லி உதிரியா வேணும். கட்டுனது வேண்டாம். நல்ல மொட்டா குடுங்க."

"சாமிக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே அள்ளினான்.

"இல்லப்பா. மகளுக்கு." பூக்கடையில் நிற்கிற ஒரு ஆணிடம் சொல்லலாமா என்று யோசித்திருப்பார். சொல்லத் தெம்பில்லாதவருக்குச் சொல்லாமலிருக்கவும் தெம்பில்லை போலும். "அவளுக்குப் பெரிய மருந்து ஆரம்பிக்கறாங்க. இனிமே பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. இத வச்சுக் கட்டுனா ரெண்டு மூணு நாள்ல வத்திடும். எங்க பக்கத்துல அதான் செய்வோம். பிள்ளை இல்லாம போனவங்களுக்கும் இதத்தான் கட்டுவாங்க."

ரமணனின் கை பூவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லம்மா." அவன் அள்ளினான். மறுபடி அள்ளினான். எவ்வளவு போட்டோம் என்று தெரியாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அவர் போன பிறகு கவிழ்ந்து கிடந்த பூக்கூடை மேல் உட்கார்ந்தான்.

சித்தி வந்து தங்கியிருந்த நாட்கள் இப்போது முழுதாக நினைவுக்கு வந்தன. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தொலைக்காட்சி போடவில்லை. அவனைப் பக்கத்து வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். தொட்டில் கட்டவே இல்லை. சித்தி பிரசவமாகி வந்தாள், குழந்தை வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் குழந்தை எங்கே என்று அவன் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அம்மா பூக் கேட்டது மட்டும் நினைவிருந்தது. பாலை வற்ற வைக்கத்தான் கேட்டார் என்பதை விட்டுவிட்டு, கேட்டதை மட்டும் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"என்ன தம்பி, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றார் சுந்தரம் அண்ணன்.

ரமணன் சொன்னான். அவர் நாரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதே தம்பி. எனக்கு மூணு பிள்ளைங்க. அவ பால் குடுக்கும்போது நான் அந்த ரூம்புக்குள்ளயே போனதில்ல. வெளிய நின்னு பேப்பர் படிச்சேன்." பிறகு, "இத வீட்டுல சொல்லப் போறியா?" என்றார்.

அதுதான் கேள்வி. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. திங்கட்கிழமை வரும், கவி விட்டுவிடுவாள், குழந்தை பால்மாவில் நன்றாகத்தான் வளரும். எத்தனையோ குழந்தைகள் வளர்கின்றன. ஆனால் கவி தன் உடம்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது அப்படியே நிலைத்துவிடும். சொன்னால் அவள் தன்னை என்ன நினைப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அவனுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதைவிட, தூங்க வேண்டும் போல இருந்தது. எதையும் முடிவு செய்யாமல், அந்தக் கூடை மேலேயே.

"சொல்லணும் அண்ணே. கடையப் பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையை விட்டுப் போனது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று ரயிலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

மின்தூக்கியிலிருந்து இறங்கும்போதே தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்தான். கமலம் அத்தையும் கூட இரண்டு பேரும். கவி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை யாரோ ஒரு மாமி மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அத்தை அடுப்படியில் பால்மா கலக்கிக்கொண்டிருந்தார்.

ரமணன் குழந்தையை வாங்கிக் கவியிடம் கொடுத்தான். "நீ உள்ள போ" என்றான். பிறகு அத்தையிடம் போய், புட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

"அத்தை, இன்னிக்குக் கிளம்புங்க."

"என்னடா ரமணா இது? வந்து கால்மணி நேரம்கூட ஆகல."

"அவளுக்கு முடியல அத்தை. கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேண்டாம். நானே போன் பண்றேன்."

"நான் என்ன வெளியாளா?"

"இல்ல அத்தை. அதனாலதான் உங்ககிட்ட நேராச் சொல்றேன்."

அத்தை அவனைப் பார்த்தார். அப்பா இறந்தபோது அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டவர். கண் கலங்கிவிட்டது. "உங்க அப்பா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்டுவிட்டு, கூட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். ரமணன் கேட்டைப் பூட்டினான். ஒரு பெரியவரை வாசலோடு அனுப்பியது நெஞ்சில் உறுத்தியது. ஆனால் அதைவிடப் பெரிய உறுத்தல் உள்ளே காத்திருந்தது.

கவி கட்டிலில் சாய்ந்து, மார்பில் அழும் குழந்தையோடு இருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்தான். கட்டிலில் உட்காரத் தைரியம் இல்லை. கடைக்கு வந்த அம்மாவைப் பற்றிச் சொன்னான். சித்தியைப் பற்றிச் சொன்னான். "பூ வச்சது தப்பு கவி. நீ கேக்கல, நான்தான் கொண்டு வந்தேன். உன் உடம்புல ஒண்ணும் குறையில்ல" என்றான்.

அவள் குழந்தையை அடுத்த பக்கம் மாற்றினாள். அது அழுதுகொண்டே இருந்தது.

"என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன்," என்றாள் கடைசியில். "ஒவ்வொரு தடவை அவ அழறப்பவும். குளிக்கிறப்ப கண்ணாடியக்கூடப் பாக்கல. நீங்க அங்க பூவப் பத்திப் பெருமை பேசிட்டு இருந்திருக்கீங்க."

"தெரியாம செஞ்சுட்டேன்."

"தெரியாதுன்னா கேக்கணும்லா. எங்கம்மாவுக்கு ஒரு போன். கிளினிக்குக்கு ஒரு போன். எல்லாரும் எனக்கு நல்லது பண்றாங்க, யாரும் எதையும் கேக்க மாட்டேங்கறாங்க."

அவள் அழுதாள். பல நாளாக அழாமல் வைத்திருந்தது. ரமணனும் அழுதான். அழுது முடித்ததும் அவள், "போய் மொதல்ல குளிச்சிட்டு வாங்க. உங்க மேல அந்த வாசம் அடிக்குது" என்றாள்.

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையே போனார்கள். அதே தாதி ருக்கையா. இந்த முறை ரமணன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான், உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். தாதி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"பூவாலயா, புட்டியாலயான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். புட்டி குடுத்த வேளையெல்லாம் மார்புல பால் தங்கிடுச்சு. தங்குனதாலதான் கட்டிக்கிச்சு. தங்கத் தங்க ஊறுறதும் குறையும்."

அப்படியென்றால் பால் கட்டியதற்கும் தான்தான் காரணம் என்பது ரமணனுக்கு அங்கே நின்றுகொண்டே உறைத்தது.

"திரும்ப வருமா சிஸ்டர்?" என்று கவி கேட்டாள். குரல் கேட்கவே இல்லை.

"நிறையப் பேருக்கு வருது. எவ்வளவு வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். அடிக்கடி வைக்கணும், வச்சு முடிச்சதும் கருவியில எடுக்கணும். பிள்ளை எடை ஏறுற வரைக்கும் பால்மாவ ஒரேயடியா நிறுத்த வேண்டாம், நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம்." பிறகு ரமணன் பக்கம் திரும்பினார். "சார், பால் குடுக்கறது மட்டும் அவங்க வேலைன்னு வச்சுக்குங்க. மிச்சமெல்லாம் உங்க வேலை. ஓய்வுன்னு நான் சொன்னது அதுக்குத்தான்."

மிச்சமெல்லாம் என்றால் எவ்வளவு என்று அவனுக்கு அடுத்த நாளிலிருந்து தெரிந்தது. குழந்தை முனகியதும் தூக்கி, ஈரத்துணி மாற்றி, கவியின் கையில் கொடுப்பது. அவள் முதுகுக்கும் முழங்கைக்கும் தலையணை முட்டுக் கொடுப்பது. அவள் குடிக்கத் தண்ணீர். குடித்து முடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டுவது. கருவியின் பாகங்களைக் கழற்றிக் கழுவி வெந்நீரில் போடுவது. அதைத் துடைத்து மாட்டுவதற்குள் குழந்தை மறுபடி முனகும். துணி, சமையல், கவிக்குச் சோறு ஊட்டுவதும்கூட, ஏனென்றால் அவளுக்கு ஒரு கையும் ஒழியாது. விடியற்காலைப் பெட்டிகளை இறக்கும் வேலையைச் சுந்தரம் அண்ணன் ஏற்றுக்கொண்டார். "அன்னிக்கு வெளிய நின்னு பேப்பர் படிச்சதுக்கு இதுன்னு வச்சுக்க" என்றார். ஆனாலும் கடை கடைதான். ரமணன் தாமதமாகப் போய், சீக்கிரம் வந்து, இரண்டு இடத்திலும் பாதி மனிதனாக இருந்தான். ஒரு நாள் மாலையில் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டான்.

கடையிலிருந்து வந்ததும் நேரே குளியலறை. நகக்கண்ணில் இருக்கும் வாசம் போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பான். மல்லிகை வீட்டுக்குள் வருவதில்லை. சாமிக்குச் செவ்வந்தி.

கவி அவனிடம் அதிகம் பேசவில்லை. தண்ணி, துணி, அந்தத் தலையணை, இவ்வளவுதான். அவனும் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், பால் கருவியோடு உட்கார்ந்து அரைமணி நேரத்துக்குப் பிறகும் புட்டி காலியாக இருந்தபோது, அவள் அதைச் சுவரில் விட்டெறிந்தாள். அவன் பொறுக்கி எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தான். "இன்னொரு தடவை பாப்போமா, இல்ல போதுமா? நீ எதைச் சொன்னாலும் சரி" என்றான். அவனாக முடிவு செய்யாமல் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

பால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. தேக்கரண்டி இரண்டு தேக்கரண்டியாயிற்று. புட்டியின் அடி மறைந்தது. பால்மா ஒரு வேளைக்குக் குறைந்தது, பிறகு அந்த ஒரு வேளையும் சில நாள் வேண்டியிருக்கவில்லை. முழுதாகத் திரும்பியதா என்று கேட்டால், இல்லை. கமலம் அத்தையிடம் ரமணன் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். அவர் முறுக்கிக்கொண்டு, பிறகு வந்தார்; இந்த முறை தனியாக, பூண்டுக் குழம்போடு. வாசலிலேயே, "பிள்ளை பால் குடிக்குதா? குடிக்கட்டும், நான் இங்கயே இருக்கேன்" என்று சமையலறையில் உட்கார்ந்துகொண்டார். எடை பார்க்கப் போன நாளில் தாதி ருக்கையா எண்ணைச் சொல்லவில்லை, கட்டை விரலைத்தான் காட்டினார். ரமணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்போதே தூங்கிப் போனான்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மாலை. அவன் குளித்துவிட்டு வந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கோ அழுதுகொண்டிருந்தது. கவியின் மார்புப் பக்கம் சட்டையில் பால் கசிந்து இரண்டு ஈர வட்டம். இனியா கட்டிலில் கையைக் காலை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கவி குனிந்து தன்னைத்தானே பார்த்தாள்.

"அழறது நம்ம பிள்ளைகூட இல்ல," என்றாள். "பாருங்க, நல்ல சட்டை."

அலுத்துக்கொள்கிற குரல்தான். ஆனால் பல வாரமாக ரமணன் கேட்காத குரல். அவன் துண்டை எடுத்துக் கொடுத்தான். அவள் துடைத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு வரும்போது பூ கொண்டாங்க. வெறுந்தலையா இருக்கு."

"வேண்டாம் கவி."

"தலைக்குத்தான் கேக்கறேன். தலையில வச்சா ஒண்ணும் ஆகாது."

"யாருக்குத் தெரியும்?"

"நான் கேட்டுட்டேன். அந்த சிஸ்டர்கிட்டயும், அம்மாகிட்டயும். நான் கேட்டுட்டுத்தான் செய்வேன்."

மறுநாள் கடையில் மல்லிகையைக் கையில் எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். சுந்தரம் அண்ணன் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அன்றைக்கென்று ஒரு பெட்டியில் கொஞ்சம் கனகாம்பரம் வந்திருந்தது. எப்போதாவதுதான் வரும். வாசம் என்று மருந்துக்குக்கூடக் கிடையாது. ரமணன் அதை மடியில் வைத்துக்கொண்டு, தானே ஒரு முழம் கட்டினான். ரயிலில் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கினான். துப்புரவு செய்யும் அம்மா எழுப்பியபோது அது கசங்காமல் இருந்தது.

வீட்டில் கவி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைவாரிப் பின்னியிருந்தாள். அவன் கை கால் கழுவிவிட்டு வந்து வாழையிலையைப் பிரித்துக் காட்டினான். அவள் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மார்பு குலுங்கி, குழந்தை வாயை விட்டு, கன்னத்தில் பால் வழிய, என்ன நடக்கிறது என்று மேலே பார்த்தது.

"பயந்தாங்கொள்ளிப் பூக்காரன்," என்றாள் கவி.

"ஆமா," என்றான் ரமணன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்து மறுபடி மார்பில் வைத்தாள். இரண்டு கையும் அவளுக்கு அங்கே வேண்டியிருந்தது. தலையை மட்டும் அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.

"வச்சு விடுங்க."